ரப்பர் தோலுக்குள் ஓர் ஆள்

அந்தப் படத்தை மட்டும் போட வேண்டாம் என்று இளையவன் சொல்லிப் பார்த்தான். அண்ணி கேட்பதாக இல்லை. அண்ணன் செத்த நாளிலிருந்து டிவிக்கு அடியிலேயே தூசி பிடித்துக் கிடந்த டிஸ்க்கை முந்தானையால் துடைத்து அவன் கையில் திணித்தாள்.

"அவரு இருந்தப்ப ஒரு நாள் கூட நான் உக்காந்து பாத்ததில்ல. ரெண்டு கழுதைங்களும் பொம்மைப் படம் பாக்குதுங்கன்னு எந்திரிச்சுப் போயிடுவேன். இன்னைக்குப் பாக்கணும். போடுங்க தம்பி."

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெளியே யாரோ பைக்கைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தப்பிக்க ஒரு சாக்கும் அகப்படாமல் இளையவன் படத்தைப் போட்டான்.

ஜப்பான்காரர்கள் எடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம். கடலுக்கடியில் பேசாமல் தூங்கிக்கொண்டிருந்த ஒரு மிருகத்தைக் குண்டு போட்டு எழுப்பிவிடுகிறார்கள். முதலைக்கும் எருமைக்கும் பிறந்தது போலிருக்கும் அது, கரையேறி வந்து ஊரைத் துவைத்து எடுக்கிறது. சின்ன வயதில் அண்ணனும் தம்பியும் வாடகைக் கேசட் தேயும்வரை பார்த்த படம். பார்த்த கையோடு அட்டைப்பெட்டிகளை அடுக்கி ஊர் கட்டுவார்கள். அண்ணன் சாக்கை மாட்டிக்கொண்டு மிதிப்பான். அவன் உறுமினால் பூனை இருமுவது போலிருக்கும் என்பதால் உறுமுகிற வேலை தம்பிக்கு. கடைசியில் அண்ணன் இரண்டு கையையும் தூக்குவான், தம்பி உறுமுவான், அண்ணன் முழங்கால் மடங்கி மெதுவாகச் சரிவான். அத்தோடு ஆட்டம் முடிந்தது.

"முதுகுல ஜிப்பு தெரியுது" என்றாள் அண்ணி.

"தெரியும் அண்ணி."

"ரயிலு கூட பொம்மை ரயிலு. இதுக்கா அந்த மனுஷன் மூக்கைச் சிந்துவாரு?"

அண்ணனிடம் அதற்குப் பதில் இருந்தது. புதுப் படங்களை அவன் சீந்தமாட்டான். "கம்ப்யூட்டர்ல வரைஞ்சுடுறான்டா. எவ்வளவு பெருசா வந்தாலும் உள்ள யாரும் இல்ல. இதுல ஒருத்தன் நிக்கிறான். வேர்த்து ஊத்தி, கண்ணு தெரியாம, மூச்சு முட்டி நிக்கிறான். ஊரே சேந்து சுடுறது அவனைத்தான்."

சொல்ல அவனுக்குத் தகுதி இருந்தது. இருவருக்கும் பிழைப்பு எண்ணெய்க் கிடங்கில், காலியான தொட்டிகளைக் கழுவுவது. அண்ணன் ரப்பர் உடுப்பும் முகமூடியும் மாட்டிக்கொண்டு உள்ளே இறங்கி அடியில் தங்கிய கசடை வாருவான். மூச்சுக்கு வெளியிலிருந்து ஒரு குழாய். இளையவன் மேலே, தொட்டி வாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்து, இடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி அவனையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முகமூடிக்குள்ளிருந்து பேச முடியாது. ஆபத்து என்றால் இரண்டு கையையும் தூக்க வேண்டும்.

வேலை முடிந்ததும் அண்ணன் விளக்கு வெளிச்சத்துக்கு வந்து நின்று தூக்குவதும் அதே இரண்டு கைதான். இல்லாத வாலை இழுத்துக்கொண்டு இரண்டு ஆட்டம் ஆடுவான். மேலேயிருந்து இளையவன் உறுமுவான். இரும்புத் தொட்டிக்குள் அது இடி போல உருளும். பக்கத்துத் தொட்டிக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள். "கல்யாணம் ஆயும் புத்தி வரல பாரு" என்பார் மேஸ்திரி. விளையாட்டுக்காகக் கையைத் தூக்காதே என்று அண்ணனிடம் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை. இளையவனுக்கும்தான்.

அன்றைக்கும் அண்ணன் கையைத் தூக்கினான். ஆடினான். முழங்கால் மடங்கியது.

மூச்சுக்குழாய் ஏணிக்காலில் சுற்றி நெரிந்திருந்தது பிறகுதான் தெரிந்தது.

அண்ணியிடம் வந்து சொன்னவர் மேஸ்திரி. "ஒரு நொடிதாம்மா. கஷ்டமே பட்டிருக்க மாட்டான்." இளையவன் பக்கத்தில் நின்று தலையாட்டினான். மறுநாளே வேலையை விட்டான். வாரம் தவறாமல் இங்கே வந்து குழாய் ரிப்பேர், பல்பு மாற்றுவது என்று ஏதாவது செய்துவிட்டுப் போனான். வாயை மட்டும் திறக்கவில்லை.

படத்தில் மிருகத்தைத் துறைமுகம் வரை விரட்டிவிட்டார்கள். நாலு பக்கமும் நெருப்பு. அது இரண்டு கையையும் தூக்கியது. முழங்கால் மடங்கித் தண்ணீருக்குள் மெதுவாக இறங்கியது. அண்ணி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"உள்ள இருக்கிற ஆளு எப்படி மூச்சு விடுவான்?"

இளையவன் திரையையே பார்த்தான்.

"இதைத்தானே அவரும் தெனம் செஞ்சு காட்டுவாரு? துணி மாத்தறப்பகூட கையைத் தூக்கிட்டு நிப்பாரு." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "தம்பி, அன்னைக்கு அவரு கையைத் தூக்கினாரா?"

"தூக்கினான்."

"நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன். வெளாட்டுன்னு நெனச்சேன் அண்ணி. சிரிச்சேன்."

"அப்புறம்?"

"உறுமினேன். அவன் சாஞ்சான். நல்லா நடிக்கிறான்னு கை தட்டினேன். எந்திரிக்கலன்னதும்தான் கயித்தை இழுத்தேன்."

திரையில் தண்ணீர் அடங்கிவிட்டது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. அண்ணி அழுவாள், அடிப்பாள் என்று இளையவன் எதிர்பார்த்தான். அடித்திருந்தால் தேவலை.

"முகமூடிக்குள்ள நீங்க உறுமறது கேக்குமா?"

"கேக்கும். அவனுக்குக் கேக்கணும்னுதான் உறுமுவேன்."

"அப்ப கடைசியா அவரு காதுல விழுந்தது அதுதான்." ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் குறைத்தாள். "உறுமுங்க. நானும் கேக்கறேன்."

"அண்ணி, வேணாம்."

"உறுமுங்க தம்பி."

உறுமினான். பாதியில் குரல் பிசிறி, இருமலாகி நின்றது. அண்ணி தலையைச் சாய்த்து, எங்கோ தூரத்துப் பாட்டைக் கேட்பவள் போலக் கேட்டாள். பிறகு எழுந்துபோய் ஒரு செம்பு தண்ணீர் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"குடிச்சுட்டுக் கெளம்புங்க. இனிமே நானா கூப்பிட்டா வாங்க. அதுவரைக்கும் வர வேணாம்."

"சரி அண்ணி."

வாசலில் செருப்பை மாட்டினான். தெருவில் பைக் கழுவிய தண்ணீர் சோப்பு நுரையோடு சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைத் தாண்டி நாலு வீடு நடந்திருப்பான். பின்னாலிருந்து அந்தப் படத்தின் ஆரம்ப இசை கேட்டது. சத்தத்தைக் கூட்டி வைத்திருந்தாள்.