இருபத்துநாலு டப்பா சர்வர்

பதினோராவது டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு, அதன் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரிலிருந்து பன்னிரண்டு எழுத்தையும் மஞ்சுளா வாய்விட்டுப் படித்துத் தட்டிக்கொண்டிருந்தாள். எட்டா, பி-யா என்று சந்தேகம் வந்தால் செல்போன் டார்ச்சை அடித்துப் பார்த்தாள். லேபில் நாற்காலிகள் இருந்தன. வியாழக்கிழமை கல்லூரி அங்கீகாரக் கமிட்டி வருவதால் அவற்றுக்குப் புது உறை போட்டு, யாரும் உட்காரக் கூடாதென்று உத்தரவும் போட்டிருந்தார்கள். தரையில்தான் வேலை.

திருச்செங்கோட்டுக்கு வெளியே இருக்கும் அந்தப் பொறியியல் கல்லூரி, இருபத்துநாலு சர்வர் வாங்கியதாகக் காகிதத்தில் இருந்தது. சேலம் ஃபேர்லேண்ட்ஸில் தாளாளரின் மச்சினர் வைத்திருக்கும் கடையிலிருந்து வந்து இறங்கியதோ இருபத்துநாலு மினி பிசி. ஒவ்வொன்றும் டிபன் பாக்ஸ் அளவு. சர்வர் ஓஎஸ் ஏறியது. ஆனால் நெட்வொர்க் சில்லைக் கண்டுகொள்ள மாட்டேன் என்றது. அது வீட்டுக் கம்ப்யூட்டர் வகைச் சில்லாம். ஆபீஸ் வகையும் அதே சில்லுதான், உள்ளே எழுதியிருக்கும் அடையாள எண் மட்டும் வேறு என்பதை மஞ்சுளாதான் தேடிக் கண்டுபிடித்தாள். ஆபீஸ் வகையின் உள்மென்பொருளான ஃபர்ம்வேரை வீட்டுச் சில்லில் எழுதினால் சர்வர் ஓஎஸ் ஏற்றுக்கொண்டது. ஒரே தொல்லை, அப்படி எழுதும்போது மேக் அட்ரஸ் என்கிற, டப்பாவின் சொந்த முகவரி எண் அழிந்துவிடும். ஸ்டிக்கரைப் பார்த்து மறுபடி அடிக்க வேண்டும். இரண்டு டப்பாவுக்கு ஒரே முகவரி இருந்தால் இரண்டும் மாறி மாறிக் காணாமல் போகும்.

பெருக்க வந்த சின்னாயி விளக்குமாற்றை ஊன்றி நின்றாள்.

"என்ன கண்ணு, மூணு நாளா கவுத்துக் கவுத்துப் பாக்கற? முட்ட கிட்ட போட்டிருக்குதா?"

"ஒரே சில்லுதானுங்க்கா. ஒண்ணுக்கு ஊட்டுச் சில்லுன்னு பேரு, ஒண்ணுக்கு ஆபீஸ் சில்லுன்னு பேரு. பேர மாத்தி எழுதுனா ஆபீஸ்ல சேத்துக்குது."

"அடங்கொப்பனே! அப்ப உன்ற பேரையும் அப்புடியே மாத்தி எழுதிக்கறது?"

மஞ்சுளா சிரித்தாள். ஆறு வருசமாக அவள் தற்காலிக லேப் அசிஸ்டென்ட். பதினோரு மாதத்துக்கு ஒரு ஆர்டர், பிறகு ஒரு வாரம் இடைவெளி, மறுபடி பதினோரு மாதம். இடைவெளி வாரத்திலும் வேலைக்கு வர வேண்டும்; ரெஜிஸ்டரில் மட்டும் கையெழுத்துப் போடக் கூடாது. இருபத்துநாலும் கமிட்டி முன்னால் ஓடினால் நிரந்தர ஆர்டர் என்று துறைத்தலைவர் தீனதயாளன் சொல்லியிருந்தார். அவள் உண்டாகி மூன்று மாதம் முடிந்திருந்தது. அந்தக் கல்லூரியில் பிரசவ லீவு நிரந்தரமானவர்களுக்குத்தான்.

புதன்கிழமை காலை அவளைப் பரீட்சை ஹாலுக்கு மேற்பார்வைக்கு அனுப்பினார்கள். அந்த நேரம் பார்த்துத் தாளாளர் குமாரசாமி லேபுக்கு வந்தார். போர்வெல் ரிக் வண்டிகள் ஓட்டி முன்னுக்கு வந்தவர்.

"என்னய்யா தீனா, ஸ்வீட் டப்பாவ அடுக்கி வெச்சிருக்கறீங்க? சர்வர்னா ஒரு சத்தம் வேண்டாமா?"

மெஸ் சமையல்கட்டிலிருந்து எக்ஸாஸ்ட் ஃபேனைக் கழற்றி வந்து ரேக்குக்குப் பின்னால் ஓடவிட்டார்கள். சத்தத்தில் தாளாளர் திருப்தியானார். பிறகு ஒரு டப்பாவைக் கையில் எடுத்துத் திருப்பினார். அடியில், எண் இருந்த அதே ஸ்டிக்கரில், 'வீட்டு உபயோகத்துக்கு' என்று ஆங்கிலத்தில் இருந்தது.

"இத எவனாச்சும் பாத்தா மானம் போயிரும். அத்தனையும் சொரண்டியெடு."

சின்னாயி தேங்காயெண்ணெயும் பிளேடுமாக மத்தியானத்துக்குள் சுரண்டி முடித்தாள். தீனதயாளனும் சும்மா இருக்கவில்லை. மஞ்சுளாவின் பென்டிரைவை எடுத்து, மிச்சமிருந்த டப்பாக்களில் செருகிச் செருகி எடுத்தார்.

"நீ மூணு நாள்ல பதினொண்ணு. நான் ஒரு மணி நேரத்துல பதிமூணு. எக்ஸ்பீரியன்ஸுன்னா இதும்மா," என்றார் அவள் திரும்பி வந்ததும்.

"முகவரி எண் அடிச்சீங்களா சார்?"

"அது எதுக்கு? எல்லாத்துலயும் சக்சஸ்னுதான வந்துச்சு?"

மஞ்சுளா வயரைச் செருகிப் பார்த்தாள். பதிமூன்றுக்கும் ஒரே முகவரி. ஒன்று தெரிந்தால் பன்னிரண்டு மறைந்தது. ஒன்றைக் கவிழ்த்தாள். அடியில் எண்ணெய் பளபளத்தது.

"அக்கா, ஸ்டிக்கரெல்லாம் எங்கீங்க?"

சின்னாயிக்கு முகம் வெளுத்துவிட்டது. "கையில ஒட்டி ஒட்டி இழுத்துது சாமி. அந்தப் பழைய பேப்பர்ல தேச்சு வெச்சேன், குப்பையில போடலாம்னு. எது எந்த டப்பாவோடதுன்னு எனக்கெங்க தெரியும்?"

"தெரிய வேண்டியதில்லைங்க்கா. ஒண்ணு மாதிரி ஒண்ணு இல்லாம இருந்தாப் போதும்."

பேப்பரைத் தரையில் விரித்தார்கள். எண்ணெய் ஊறிச் சுருண்டிருந்த ஸ்டிக்கர்களைச் சின்னாயி நகத்தால் நீவிக் கொடுத்தாள். முடித்துவைத்த பதினொன்றின் எண்களைக் கோடு போட்டு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தை மஞ்சுளா ஒவ்வொன்றாக ஏற்றினாள். கடைசி டப்பா நெட்வொர்க்கில் தெரிந்தபோது கல்லூரி பஸ் போய்விட்டிருந்தது. தீனதயாளன் அதற்கு முன்பே காரில் போயிருந்தார்.

வியாழக்கிழமை எல்லாம் ஓடியது. ஃபேனும் ஓடியது. தீனதயாளன் சில்லின் அடையாளம் மாற்றிய கதையை, தான் மாற்றியதாகவே, கமிட்டிக்கு விளக்கினார். கமிட்டியிலிருந்த ஒரு அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்.

"இப்படி எழுதினா மேக் அட்ரஸ் அழிஞ்சிடுமே. அதுக்கு என்ன பண்ணீங்க?"

தீனதயாளன் ரேக்கைப் பார்த்தார். தாளாளர் தீனதயாளனைப் பார்த்தார்.

தண்ணீர் பாட்டில் தட்டோடு கதவருகே நின்றிருந்த மஞ்சுளா சொன்னாள்: "ஸ்டிக்கர்ல பாத்து ஒவ்வொண்ணா திருப்பி அடிச்சதுங்க மேடம்."

"நீங்க?"

"லேப் அசிஸ்டென்ட்டுங்க."

அந்த அம்மாள் அவளையும் தண்ணீர்த் தட்டையும் பார்த்துவிட்டுக் காகிதத்தில் ஏதோ எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். மஞ்சுளா முகம் கழுவிக்கொண்டு போனாள். தீனதயாளன் நீட்டியது ஆர்டர் இல்லை, மெமோ. கல்லூரிச் சொத்தான கருவிகளின் அடையாள எண்களை எழுத்துபூர்வ அனுமதியின்றி மாற்றியது ஒன்று. கமிட்டி முன்பு அழைக்கப்படாமல் பேசியது இரண்டு.

"மாத்தச் சொன்னதே நீங்கதானுங்க சார்?"

"எழுத்துல இருக்குதாம்மா?"

"பதிமூணு டப்பாவ நாசம் பண்ணது ஆருங்க?"

"அதுவும் எழுத்துல இல்ல." அவர் பேனாவைத் திறந்து மேசைமேல் வைத்தார். "தப்புன்னு ஒத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடு. இன்னொரு பதினோரு மாசம் குடுக்கச் சொல்லித் தாளாளர் சொல்லியிருக்கறாரு. நிரந்தரமெல்லாம் பொறகு பாக்கலாம்."

மஞ்சுளா மெமோவைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள்.

"நீங்களே போட்டுக்கங்க சார். செய்யாத வேலைக்குக் கையெழுத்துப் போட்டுப் பழக்கம் உங்களுக்குத்தான் இருக்குது."

தீனதயாளனுக்குக் காது மடல் சிவந்தது. "திமிரு! நாளைலருந்து வராத. போறதுக்கு முன்னால அந்த ஸ்டெப்ஸ எல்லாம் எழுதி வெச்சுட்டுப் போ."

"சக்சஸ்னு வருமுங்க சார். சொருகிப் பாருங்க."

அவள் வாசல் கேட்டுக்கு வருவதற்குள் ஆபீசிலிருந்து அங்கே போன் வந்துவிட்டிருந்தது. வாட்ச்மேன் பெரியசாமி அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்.

"பையத் தொறந்து காட்டோணுமாம் சாமி. நான் என்னத்தப் பண்ணட்டும், சொல்லு."

டிபன் பாக்ஸ், குடை, இரும்புச்சத்து மாத்திரை அட்டை, ஸ்கேன் ரிப்போர்ட் உறை. ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். உறைக்குள்ளும் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார்.

வெளியே ஹாரன் அடித்தது. தாளாளரின் மச்சினர் கடை வேன்.

"நாப்பது சர்வர் வந்திருக்குதுங்கண்ணா, சீக்கிரம் தொறங்க!" என்றான் டிரைவர்.

வலது பக்கக் கதவு நிற்காது, விட்டால் திரும்பி வந்து மோதும். பெரியசாமி அதை இழுத்து அவள் கையில் கொடுத்துவிட்டு இடது பக்கம் ஓடினார்.

"ஒரு நிமிசம் புடிச்சுக்க சாமி."

வேன் மெல்ல உள்ளே நுழைந்தது. பின்னால் அட்டைப்பெட்டிகள் கூரைவரை.

"இன்னும் கொஞ்சம் தொறங்கக்கா, கண்ணாடி இடிக்குது."

மஞ்சுளா கதவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, முதுகு சுவரில் முட்டும் வரை பின்னால் நகர்ந்தாள்.