எட்டு மரம்

ஆட்டம் வெளிவர ஐந்து வாரம் இருக்கும்போது குறைகளின் பட்டியல் வந்து சேர்ந்தது. இருநூறு ரசிகர்களுக்கு முன்கூட்டியே ஆடிப் பார்க்கக் கொடுத்திருந்தார்கள். இருநூறு பேரும் கல்யாண விருந்துக்கு வந்த சம்பந்திகளைப் போல ஒன்று விடாமல் குற்றம் கண்டுபிடித்திருந்தார்கள்.

'ஒன்பது குன்றம்' என்று பெயர். கைப்பேசியில் ஆடுவது. ஆடுபவர் ஒரு வீரனின் வேடம் எடுத்துக்கொண்டு, குன்றுகளுக்கு நடுவே இருக்கும் ஒரு மாய நாட்டில் அலைய வேண்டும். சென்னையில் ஐந்து பேர் சேர்ந்து மூன்று வருடமாகச் செய்தது. அதன் கதையை எழுதியவள் தேவிப்ரியா. ஊரடங்கில் வடக்கனந்தலுக்கு வந்தவள் டிசம்பர் பிறந்தும் திரும்பிப் போகவில்லை. மாடியறையில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால் அங்கேயே மேசை போட்டுக்கொண்டாள். ஜன்னலைத் திறந்தால் கல்வராயன் மலை தெரியும். ஆட்டத்தில் வரும் குன்றுகளெல்லாம் அங்கிருந்து எடுத்தவை என்பது அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

பட்டியலைப் படித்தாள். குதிரை படியேறும்போது வால் மட்டும் கீழேயே நின்றுவிடுகிறது. வைத்தியர் ஒரே வணக்கத்தை நாற்பது தரம் சொல்கிறார். பொத்தான்கள் கடுகளவு இருக்கின்றன, கட்டைவிரலுக்கு அகப்படுவதில்லை. ராணியின் மூக்குத்தி பேசும்போது இடம் மாறுகிறது. இதற்கெல்லாம் அவள் சிரித்தாள்.

நூற்று அறுபது பேர் ஒரே குறையைச் சொல்லியிருந்த இடத்தில் அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. நான்காம் பாகம், மரம் விழுந்த சாலை. பாம்பு கடித்த ஒரு சிறுமியை வண்டியில் ஏற்றி வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். வழியில் மரத்தை வெட்டிப் போட்டிருக்கிறது. வண்டி நிற்கிறது. சிறுமி சாகிறாள். ஆடுபவர் என்ன செய்தாலும் அவள் சாவாள். "இது ஆட்டமா, இழவு வீடா? எடுத்துடுங்க, இல்லன்னா நான் வாங்க மாட்டேன்" என்று ஒருவர் எழுதியிருந்தார். மற்றவர்கள் இவ்வளவு மரியாதையாகக்கூட எழுதவில்லை.

குழுவின் தலைவன் அஜித் போனில் கூப்பிட்டான். நல்லவன்தான், ஆனால் பதற்றம் வந்தால் ஒரே மூச்சில் பேசுவான்.

"தேவி, அந்தச் சின்னப் பொண்ண காப்பாத்திடலாம். வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திக் குடுத்துடறேன். நீ சரின்னு மட்டும் சொல்லு."

"அது மாத்த முடியாது அஜித்."

"ஏன்?"

ஏன் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. மலர்க்கொடி அவளுடைய அக்கா. தேவிப்ரியா பிறப்பதற்கு ஆறு வருடம் முன்னால், ஐந்து வயதில் போய்விட்டவள். வீட்டில் ஒரு போட்டோகூடக் கிடையாது. எண்பத்தேழாம் வருடம், இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகச் சாலை மறியல் நடந்த அந்த வாரம், மல்லாட்டைக் கொல்லையில், கடலைச் செடிக்குள், பாம்பு கடித்தது. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்கு மாட்டுவண்டியில் கொண்டுபோனார்கள். "மரம் கெடந்துச்சு. வண்டி நின்னு போச்சு. அவ்ளோதான்" என்பாள் அம்மா அமிர்தம். வருடத்துக்கு ஒரு தரம், புரட்டாசி இரண்டாம் தேதி விளக்கேற்றும்போது, அதற்கு மேல் ஒரு சொல் வராது. அக்கா இருந்தாள் என்பதற்கு இந்த மூன்று வாக்கியம்தான் மிச்சம். அதைத்தான் தேவிப்ரியா ஆட்டத்தில் வைத்திருந்தாள். அதை எடுத்துவிட்டால் மலர்க்கொடி இன்னொரு தரம் இல்லாமல் போவாள் என்று அவளுக்குத் தோன்றியது.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடு" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

கடைசியாக ஒரு குரல் பதிவு இருந்தது. அனுப்பியவர் நவுஷாத், கள்ளக்குறிச்சியில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவர். பின்னால் யாரோ சார்ஜர் விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா, அந்தப் புள்ள சாவுறது எனக்குப் பிரச்சன இல்ல. கதன்னா சாவு வரும். ஆனா ஒண்ணு கேக்கறன். வண்டி நின்னா நிக்கட்டும், புள்ளயத் தூக்கிக்கினு மரத்த தாண்ட மாட்டாங்களா? மூணாம் பாகத்துல கோட்டச் சுவரையே தாண்டறான் அந்த வீரன், இங்க ஒரு மரத்துக்கிட்ட கையக் கட்டிக்கினு நிக்கறான். அந்தப் புள்ளயோட அப்பனா இருந்தா அப்படி நிப்பானா? அப்பறம், மரத்த வெட்டுனவன் எங்க? அவன் கதையிலயே இல்லியே. இத எழுதுனவங்க எதையோ விட்டுட்டாங்க."

தேவிப்ரியா அதை இரண்டாம் தரம் கேட்டாள். அவளுக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு கோபம் போய்விட்டது. இருபத்தேழு வருடமாக அந்த மூன்று வாக்கியத்தைக் கேட்டிருக்கிறாள். புள்ளையைத் தூக்கிக்கொண்டு யாரும் மரத்தைத் தாண்டவில்லையா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

கீழே இறங்கிப் போனாள். கூடத்தில் அப்பா நாராயணசாமியிடம் பொன்னுரங்கம் பேசிக்கொண்டிருந்தார். கட்சிக் கிளைச் செயலாளர், அப்பாவைவிட இரண்டு வயது சின்னவர். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் மறுபடி தொடங்கியிருந்தது. அடுத்த திங்கட்கிழமை கிராம நிர்வாக அலுவலகத்தில் மனுக் கொடுக்கப் போகிறார்கள். எண்பத்தேழில் ஜெயிலுக்குப் போனவர்களை முன்னால் நிறுத்தி சால்வை போடுவதாகத் திட்டம்.

"மனு குடுக்க வரன்" என்றார் அப்பா. "அன்னிக்கு கேட்டதும் நாயம், இன்னிக்கு கேக்கறதும் நாயம். சால்வ வாணாம்."

"இன்னாண்ணா, நீ போடாம யாருக்குப் போடறது? ஏரிக்கரை ரோட்டுல எட்டு மரத்தையும் ஒரே ராத்திரியில சாச்சமே, மொதக் கோடாலி உன்னுதுதான?"

அப்பா தரையைப் பார்த்தார். பொன்னுரங்கம் அங்கே நின்ற தேவிப்ரியாவைக் கண்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டவர் போலத் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அப்பா மறியலுக்குப் போனதும் ஜெயிலில் இருந்ததும் அவளுக்குத் தெரியும். ஆனால் தியாகதுருகம் ரோட்டில் மறித்தோம் என்றுதான் அவர் எப்போதும் சொல்வார். ஏரிக்கரை ரோடு வேறு. வடக்கனந்தலிலிருந்து கள்ளக்குறிச்சிக்குப் போகிற வழி அது. அக்காவை ஏற்றிய வண்டி போன வழி.

சமையலறையில் அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். தேவிப்ரியா எதிரே உட்கார்ந்தாள்.

"அம்மா, வண்டி நின்னப்பறம் அக்காவ யாரும் தூக்கிக்கினு போவலியா?"

அம்மாவின் முறம் நின்றது.

"அந்த மரத்த வெட்டுனது அப்பாவா?"

"யாரு சொன்னா?"

"அத வுடு. இத்தினி வருசமா ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா?" என்றாள் அமிர்தம். குரல் உயரவில்லை. "சொல்லியிருந்தா, நீ அவரு கையால சோறு வாங்கித் துன்னிருப்பியா? அப்பான்னு மடியில போய் உக்காந்திருப்பியா? மரத்துக்கு அந்தாண்ட இன்னா நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. நான் வண்டியோட நின்னுட்டன். உங்கப்பாவ கேளு."

கேட்க இரண்டு நாள் ஆயிற்று. புதன்கிழமை பிற்பகல், சாப்பிட்டுவிட்டு அப்பா கட்டிலில் சாய்ந்திருந்தார். அஜித் அதற்குள் பொறுக்காமல் மாற்றிய ஆட்டத்தைச் செய்து அனுப்பியிருந்தான். எத்தனை மரம் என்று அவன் கேட்டதற்கு எட்டு என்று மட்டும் அவள் பதில் அனுப்பியிருந்தாள். வீரன் இப்போது சிறுமியைத் தோளில் போட்டுக்கொண்டு எட்டு மரங்களையும் தாண்டி ஓடுவான். வைத்தியர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தால் அவள் கண் திறப்பாள். தேவிப்ரியா போனைக் கையில் வைத்துக்கொண்டே, ஆட்டத்தைப் பற்றியும் ரசிகர் கேட்ட கேள்வியைப் பற்றியும் அப்பாவிடம் சொன்னாள். மலர்க்கொடி பேரையும் சொன்னாள்.

அவர் எழுந்து உட்கார்ந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டார். அவர் போய்விடுவார் என்றே அவள் நினைத்தாள்.

"மொத மரத்துக்கிட்ட கரும்புக்குள்ள காவலுக்கு இருந்தன்" என்றார். "வண்டி வருது. மாட்டப் பாத்ததும் தெரிஞ்சிச்சு, நம்ம மாடு. வெளிய ஓடியாறன், உங்கம்மா என்னப் பாக்கறா, என் கையில இருக்கற கோடாலியப் பாக்கறா. ஒண்ணும் சொல்லல. புள்ளயத் தூக்கி எங்கிட்ட குடுத்தா."

"தூக்கிக்கினு ஓடுனியாப்பா?"

"ஓடுனன். எல்லாம் புளியமரம், ரோடு மொத்தமும் கிளைங்க. ஏறி எறங்கணும், இல்ல பள்ளத்துல தண்ணியில எறங்கி சுத்திக்கினு வரணும். எந்த மரம் எப்படி வுழுந்திருக்குதுன்னு எனக்குத் தெரியும். நல்லா குறுக்கால வுழணும்னு பாத்துப் பாத்து வெட்டுனதாச்சே." அவர் கை தானாகப் போய்க் கழுத்தைத் தொட்டது. "இங்க கட்டிப் புடிச்சிக்கினு இருந்தா. ஆறாவது மரத்துல ஏறக்கொள்ள கை வுட்டுடுச்சு. தெரிஞ்சிபோச்சு எனக்கு. ஆனாலும் ஏழாவதையும் தாண்டனன். எட்டாவதையும் தாண்டனன். அதுக்கு அந்தாண்ட ரோடு சுத்தமா இருந்துச்சும்மா."

மூன்றாம் நாள் போலீஸ் வந்தபோது ஊர் ஆண்கள் எல்லோரும் கரும்புக்குள் ஒளிந்துகொண்டார்களாம். இவர் மட்டும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாராம்.

தேவிப்ரியா அழுதாள். அவர்மேல் கோபமா, அவருக்காக அழுகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டும்தான்.

"அதுல இன்னா பண்ணி வெச்சிருக்க, காட்டு" என்றார் அவர்.

மாற்றிய ஆட்டத்தைத் திறந்து கொடுத்தாள். பொத்தான் அவர் விரலுக்கு அகப்படவில்லை. கட்டைவிரலை வேட்டியில் துடைத்துத் துடைத்து அழுத்தினார். முதல் மரத்தில் வீரன் விழுந்தான். மறுபடி எழுந்தான். இரண்டு, மூன்று, நான்கு. ஆறாவது மரத்தில் அப்பா மூச்சை அடக்கிக்கொண்டார். வீரன் தாண்டிவிட்டான், சிறுமி தோளிலேயே இருந்தாள். எட்டாவதும் தாண்டியாயிற்று. வைத்தியர் வணக்கம் சொன்னார். சிறுமி கண் திறந்தாள்.

நாராயணசாமி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போனை அவளிடம் நீட்டினார்.

"இன்னொரு வாட்டி போடு."

அவர் போனிலேயே அதை ஏற்றிக் கொடுத்தாள். அன்றைக்கு ஏழு தரம் ஆடினார். ஒவ்வொரு தரமும் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். தேவிப்ரியா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வேறு வழியில்லை, அஜித்துக்குச் சரி என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று நினைத்தாள். ரசிகர்கள் கேட்பதும் இதுதான். அப்பாவுக்கு வேண்டியதும் இதுதான். இதில் அடம் பிடிக்கத் தனக்கு என்ன உரிமை?

அவள் மாடிக்கு ஏறப் போனபோது, மாடிப்படியில் அம்மா வந்து நின்றாள். எவ்வளவு நேரமாக அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ.

"அவரு ஆடட்டும்" என்றாள் அமிர்தம். "அவருக்கு அது வோணும். ஆனா ஊருக்கெல்லாம் அப்படிக் காட்டாத. எம் பொண்ணு பொழச்சிக்கினான்னு எவன் எவனோ நெனைக்கவா நான் முப்பத்திமூணு வருசம் வெளக்கு ஏத்தனன்? செத்துட்டா அவ. செத்துதான் போனா."

வெள்ளிக்கிழமை தேவிப்ரியா அஜித்திடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

"பாதிப் பேர் போயிடுவாங்க தேவி" என்றான் அவன்.

"போவட்டும்."

"சரி. எழுது."

நான்கு வாரம் உட்கார்ந்து எழுதினாள். முதல் பாகத்தில் ஒரு வேலையைச் சேர்த்தாள். நாட்டு மக்கள் தங்கள் பங்கைக் கேட்கிறார்கள், அரசன் காது கொடுக்கவில்லை. அரண்மனைச் சாலையை மறிக்க வேண்டும். ஆடுபவர் கையில் கோடாலி கொடுத்து எட்டு மரம் வெட்டச் சொல்கிறார்கள். நியாயமான காரியம், ஆடுபவர் உற்சாகமாகவே வெட்டுவார், ஊரே அவரைத் தூக்கிக் கொண்டாடும். நான்காம் பாகத்தில் சிறுமியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடும்போது குறுக்கே கிடப்பவை அதே மரங்கள். எல்லாவற்றையும் தாண்டலாம். ஆறாவது மரத்தில் சிறுமியின் கை நழுவிவிடும். சிறுமிக்கு மலர்க்கொடி என்று பெயர் வைத்தாள். பொத்தான்களைப் பெரிதாக்கச் சொன்னாள். குதிரையின் வாலையும் அஜித் சரிசெய்துவிட்டான்.

பொங்கல் கழிந்து ஆட்டம் வெளிவந்தது. அஜித் பயந்தது போலவே பலர் நான்காம் பாகத்தோடு நிறுத்திவிட்டார்கள். திட்டி எழுதியவர்கள் நிறைய. நவுஷாத் ஒரு வரிதான் அனுப்பியிருந்தார்: "மூணாவது மரத்துலயே தெரிஞ்சிபோச்சுக்கா, இதெல்லாம் நான் வெட்டுனதுன்னு."

வெளியீட்டுக்கு முந்தின நாள், சோதனைக்காகச் செய்த பழைய ஆட்டங்களை எல்லோரும் அழித்துவிட வேண்டும் என்று அஜித் சொல்லியிருந்தான். தேவிப்ரியா தன் கணினியிலும் தன் போனிலும் அழித்தாள். அப்பாவின் போனை எடுத்து, கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்துவிட்டு, சார்ஜரில் போட்டு அதே இடத்தில் வைத்தாள். மலர்க்கொடி ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருகிற ஆட்டம் உலகத்தில் அந்த ஒரு போனில் மட்டும் இருக்கிறது. நாராயணசாமி தினமும் சாப்பிட்டபின் கட்டைவிரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு அதை ஒரு தரம் ஆடுவார், எட்டாவது மரத்தைத் தாண்டி அந்தாண்ட இருக்கும் சுத்தமான ரோட்டில் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்.