குலை தள்ளும் வரை

ஆராய்ச்சி நிலையத்து டாக்டர் செக்கிட்டோ வாழையிலையைக் கத்தியால் கீறியதும், வேலியோரம் களையெடுத்துக்கொண்டிருந்த நபதன்சியின் முதுகில் கட்டியிருந்த குழந்தைக்குத் தோளில் ரத்தம் கொட்டியது. குழந்தைமேல் கத்தி படவே இல்லை. நானும் அங்கேதான் நின்றேன். பொய் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

இலைப்புள்ளிப் பூஞ்சை வந்து மலைச்சரிவு முழுக்க வாழை கருகியபோது, ஆராய்ச்சி நிலையத்தார் வேலி போட்டு, நெல்லின் மரபணு ஒன்றைப் புகுத்திய மத்தோகே என்னும் சமையல் வாழைகளை நட்டார்கள். அவற்றில் ஒரு புள்ளிகூட விழவில்லை. பிள்ளையோடு வரும் நஞ்சுக்கொடி அதன் இரட்டை. பெண்ணானால் எங்கள் புகாண்டாவில் மத்தோகே வாழையடியில்தான் புதைப்போம். தன் தோட்டத்தில் நல்ல வாழை ஒன்றுகூட மிஞ்சாத நபதன்சி, மகளின் கொடியை யாருக்கும் தெரியாமல் வேலிக்குள் ஒரு வாழையடியில் புதைத்துவிட்டாள். பத்து மாதத்தில் சோதனை முடிந்தது. சட்டப்படி எல்லாவற்றையும் பிடுங்கி அழிக்க வேண்டும். அன்று டாக்டர் கத்தியோடு வந்தது அதற்குத்தான்.

"நாங்க வெச்சது நெல்லோட மரபணு ஒண்ணுதாம்மா," என்றார் டாக்டர்.

நபதன்சி மண்டியிட்டாள். "மிச்சத்தை நான் வெச்சேன் ஐயா. இதை மட்டும் விட்டுடுங்க."

அந்த ஒன்றை விட்டுவிட்டு, எல்லாம் அழித்தாயிற்று என்று எழுதிவிட்டுப் போனார் டாக்டர். குழந்தை நகிந்துவுக்குக் காய்ச்சல் என்று ஒன்று வரவே இல்லை. ஊரே மலேரியாவில் படுத்தபோதும் அவள் சிரித்தபடி தவழ்ந்தாள். நாங்கள் வாழையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். குலை தள்ளிய வாழை ஒருநாள் சாயும், இது யாருக்குத் தெரியாது? குலையும் தள்ளியது. நபதன்சி முட்டுக் கொடுத்தாள், கயிறு கட்டினாள், காயை யாரையும் தொடவிடவில்லை. பழுத்து மரம் சாய்ந்த காலையில் நகிந்து கண் விழிக்கவில்லை. அம்மா என்று சொல்லப் பழகி ஒரு வாரம்கூட ஆகவில்லை, பாவம். அதே பாயில், அவள் பக்கத்தில், அச்சு அசல் அவள் முகத்தோடு பச்சைக்குழந்தை ஒன்று பாலுக்கு அழுதுகொண்டிருந்தது. வாழையடியில் பக்கக்கன்று முழ உயரம் நின்றது. நபதன்சி ஒன்றைப் புதைத்துவிட்டு வந்து மற்றதற்குப் பால் கொடுத்தாள். பெயரை மாற்றவில்லை.

நான்காவது நகிந்துவைப் புதைத்த மறுநாள் டாக்டர் துக்கம் கேட்க வந்தார்.

"நோய் வராம செஞ்சீங்களே ஐயா, குலை தள்ளாமயும் செஞ்சு குடுங்க."

"குலை தள்ளாத வாழையை யாரும்மா நடுவாங்க?"

"நான் நடுவேன்."

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். இப்போது இருப்பவள் ஐந்தாவது நகிந்து. நேற்று எழுந்து நின்று நாலடி வைத்தாள். நாங்களும் கை தட்டினோம். வாழை இன்னும் குலை தள்ளவில்லை.