மூக்கை இறக்காத பார்த்திபன்

பார்த்திபனைத் தனியாகப் பறக்க விடலாமா, கூடாதா என்று அன்று நான் முடிவு சொல்ல வேண்டும். அவனுக்கு விமானம் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள் நான்தான். ஆரணியில் பெரிய பட்டுக்கடைக்காரர் மகன். கறுப்புக் கண்ணாடி, கைக்கடிகாரம் எல்லாம் பைலட்டுக்கு உரியவை. மண்டை மட்டும் கல்லாவிலேயே உட்கார்ந்திருந்தது.

சின்ன விமானத்தின் இன்ஜினைக் குளிர வைப்பது எதிர்க்காற்றுதான். மூக்கை நிமிர்த்தி, மெதுவாக, முழு பவரில் ஏறினால் காற்று பத்தாது, கொதித்துப்போகும். ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். செவிடன் காதில் ஊதிய சங்கு.

அன்று கத்திரி வெயில். ஆரணிக்கு மேலே வந்ததும் பார்த்தால், அவன் வீட்டு மாடி நிறையச் சொந்தக்காரர்கள். இவனே வரச்சொல்லியிருக்கிறான். அவர்கள் ஆற அமரப் பார்க்கட்டும் என்று வேகத்தைக் குறைத்து, மூக்கைத் தூக்கி, வட்டமடித்து ஏறினான். சிலிண்டர் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது.

"மூக்க எறக்குங்க, பார்த்திபன்."

"ஒரு நிமிசம் மேடம். அத்தை இப்பதான் மாடி ஏறிகினு இருக்காங்க."

தறியில் ஓர் இழை அறுந்தால் ஊரையே கூட்டுகிற குடும்பம். இங்கே முள் சிவப்பைத் தாண்டியும் பார்த்திபன் துரை கையசைத்துக்கொண்டிருந்தார். நான் கன்ட்ரோலைப் பிடுங்கி மூக்கை இறக்குவதற்குள் இன்ஜின் உதறி, இழுவை போய்விட்டது. வற்றிய ஏரியில் இறக்கினேன். மோதிய மோதலில் குழாய் விட்டு, பெட்ரோல் சொட்டியது.

சொந்தமெல்லாம் பைக்கில் கைதட்டிக்கொண்டு வந்தது. தங்களுக்காகவே இறங்கிக் காட்டினானாம்! அத்தை பூங்காவனம் திருஷ்டி சுற்ற, பூசணிக்காய் மேல் கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு நேராக இன்ஜினை நோக்கி வந்தார். ஓடிப்போய் மண்ணை அள்ளிப் போட்டு அணைத்தேன்.

"வேதக்காரங்க இல்ல? நம்ம கற்பூரம்னா ஆவல," என்றார், என் கழுத்துச் சிலுவையைப் பார்த்து.

எல்லோரும் பார்த்திபனைப் பார்த்தார்கள். பெட்ரோல் வாடை அவனுக்கும் அடித்தது.

"உடுங்க அத்தை. அவங்க வழக்கம் வேற," என்றான்.

மடையனுக்கு இன்னும் ஒரு மாதம் கற்றுக்கொடுக்கலாம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"பெட்ரோல் சொட்டிகினு இருக்குதும்மா. நெருப்பு பட்டா எல்லாரும் போயிருப்போம். அது ஒங்க புள்ளைக்கும் தெரியும், வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. இவர நான் தனியா பறக்க உட மாட்டேன்."

அத்தை பூசணிக்காயைப் போட்டுவிட்டுப் பின்னால் ஓடினார். போனில் படம் பிடித்துக்கொண்டிருந்த பையன்களிடம் பார்த்திபன் போனான்.

"கடைசியா மேடம் பேசினத மட்டும் கட் பண்ணிடுங்கடா," என்றான்.