கடைசிப் பிள்ளையின் பெயர்

சனிக்கிழமை அடக்கம்; ஊர் வழக்கப்படி ஐந்து வாரமாக உடல் பிணவறையில் இருக்கிறது. கானாவின் குமாசி நகர முச்சந்திகளில் ஒட்டும் போஸ்டருக்கு, இறந்துபோன அம்போன்சாவின் நல்ல படம் ஒன்று இன்று மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். படங்களெல்லாம் அந்த மனிதருடைய மெயிலில். மெயிலின் பாஸ்வேர்டைக் கம்ப்யூட்டரே சேமித்து வைத்திருந்தது; இப்போது கேட்டால் வெறும் கட்டத்தைக் காட்டுகிறது. கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு அவர் மனைவி போக்குவா, டான்சோவின் பழுது பார்க்கும் கடைக்கு வந்திருந்தாள்.

“உள்ள நுழையுற பாஸ்வேர்டை யாராவது மாத்துனாங்களாக்கா?”

“கொழுந்தன்தான். ரெண்டு நாள் முட்டி மோதிப் பாத்தோம், திறக்கல. பழசை அழிச்சிட்டுப் புதுசு போட்டாரு.”

“நல்லா உதவி பண்ணாரு போங்க. சேமிச்சதையெல்லாம் அந்தப் பழசை வெச்சுத்தான் பூட்டியிருக்கு. அதையே திரும்பப் போட்டாத்தான் எல்லாம் வரும். குறிப்பு எதுவும் காட்டலியா?”

“என் கடைசிப் பிள்ளைன்னு காட்டுச்சு. பேரோட வீட்டு நம்பரைச் சேத்துப் போடுறதுதான் அவர் வழக்கம். கோஃபி பதினாலு போட்டாச்சு. மூத்தவங்க குவாக்கு, யா பேரும் போட்டாச்சு.”

டான்சோ தாடையைச் சொறிந்தான். “நம்ம ஊர்ல பிறந்த கிழமைதானே பேரு. ஆணுக்கு ஏழு, பொண்ணுக்கு ஏழு. ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்துடுவோமே.”

“எம்புள்ள வெள்ளிக்கிழமை பிறந்தவன், தம்பி. பெத்தவளுக்குத் தெரியாதா?”

“உங்களுக்குத் தெரியும். ஆம்பளைங்க கிழமையையா ஞாபகம் வெச்சிருக்கோம்?”

ஐந்து வாரத்தில் முதல்முறையாகப் போக்குவா சிரித்தாள். பாவம், சிரித்திருக்க வேண்டாம்.

நுழைவு பாஸ்வேர்டை ஒவ்வொரு பெயராக மாற்றி, உள்ளே நுழைந்து, சேமித்த பாஸ்வேர்டுகளின் பட்டியலைத் திறந்து பார்த்தான். ஆண் பெயர் எதற்கும் அசையவில்லை. அக்கோசுவா, இல்லை. அஜுவா, இல்லை. அபெனா பதினாலு என்று போட்டதும் வெற்றுக் கட்டங்களெல்லாம் மளமளவென்று நிரம்பின.

“வந்துடுச்சுக்கா...” என்றவன் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

அபெனா என்றால் செவ்வாய்க்கிழமை பிறந்த பெண். போக்குவாவின் வீட்டில் செவ்வாய்க்கிழமைப் பெண் கிடையாது. பதினாலு அவள் பெருக்கித் துடைத்த வீட்டின் எண் அல்லவா, அதை எந்தக் குழந்தையின் பெயரோடு சேர்த்திருக்கிறான் இந்தப் பாவி?

“மெயிலைத் திற” என்றாள்.

முதல் படத்திலேயே அம்போன்சா நீலக் கெண்டே நெசவுத் துணி போர்த்தி உட்கார்ந்திருந்தார். மடியில் மூன்று வயதுப் பெண், அவருடைய அதே இடைவெளி விழுந்த முன்பற்களோடு. கோஃபிக்கு ஒன்பது வயது.

அழுகை வரவில்லை. செத்தவனை எழுப்பி அறைய வேண்டும் போலிருந்தது. டான்சோ திருப்புளியைத் தேடுவதுபோல் மேசைக்கடியில் குனிந்துகொண்டான்.

அச்சகத்திலிருந்து போன் வந்தது. “அம்மா, படம் என்னாச்சு? பிள்ளைங்க பேரு குவாக்கு, யா, கடைசியா கோஃபி, சரிதானே?”

போக்குவா திரையையே பார்த்தாள். குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமை அதுவும் எங்கேயோ ஒரு போஸ்டரின் முன்னால் நிற்கும்.

“கோஃபி கடைசி இல்ல” என்றாள். “இன்னொரு பேரு இருக்கு. எழுதிக்கோங்க.”