வேனை எடுக்காத மஜீத்

திகாம் பத்து ஊரில் மஜீத்தின் சாப்பாட்டுக் கடைக்கு எதிரே, மின்சாரக் கார்கள் சார்ஜ் ஏற்றிக்கொள்ள இரண்டு இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். வயரை மாட்டிவிட்டுக் கார்க்காரர்கள் அவர் கடையில்தான் சாப்பிட உட்காருவார்கள். இருந்தும் மஜீத்துக்கு அந்த ஏற்பாட்டைக் கண்டாலே எரிச்சல். முன்பு அவருடைய வேன் நின்ற இடம் அது. இப்போதும் பிடிவாதமாக அங்கேயே நிறுத்தி, கேட்டவர்களோடு மல்லுக்கு நின்றார்.

புகார்கள் குவிந்ததும் சார்ஜ் நிறுவனம் தன் தொழில்நுட்ப ஆள் விக்னேஸ்வரனை அனுப்பியது. வேன் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் அவன் கேமராவும் இரும்புத் தடுப்புகளும் பொருத்திவிட்டான். பதிவு செய்த காரின் எண்ணைக் கேமரா கண்டால்தான் தடுப்பு தானாக இறங்கும்.

திரும்பி வந்த மஜீத் வேனை இரண்டு தடுப்புகளுக்கும் குறுக்கே நிறுத்தினார்.

"வேன எடுங்க பாய். கார் உள்ள போவணும்."

"ஆளு கேட்டே எடுக்கல. மெஷின் சொன்னா எடுத்துருவேனா?"

"மெஷின் உங்ககிட்ட கேக்காது லா."

கேட்கவில்லைதான். வழி அடைபட்டதைக் கேமரா பார்த்தது. அதோடு இணைந்த கணினி, வரவிருந்த கார்களையெல்லாம் குருண் ஊர்ப் பக்கத்துச் சார்ஜ் நிலையத்துக்குத் திருப்பிவிட்டது. ஒரு காரும் வராததில் மஜீத்துக்கு ஏகத் திருப்தி. ஆனால் மதியத்தில் மேசைகள் காலியாகக் கிடந்தன. சோறு மிஞ்சியது. மனைவி சைதூன், மின்சாரக் காரில் வரும் வாடிக்கைக்காரி ரமணிக்குப் போன் போட்டாள்.

"உங்க கட எதிர்ல வழி இல்லன்னு கார் ஸ்கிரீன்ல காட்டுதுக்கா. குருண் பக்கம் போவச் சொல்லுது," என்றாள் ரமணி.

விஷயம் தெரிந்ததும் மஜீத் விக்னேஸ்வரனைப் போனில் அழைத்துக் கத்தினார். "என் கஸ்டமர தொரத்தி விடறியாடா?"

"வேன எடுங்க, தானா வருவாங்க." போனை வைத்துவிட்டான்.

அவனிடம் தோற்பதைவிடக் கடையை மூடலாம் என்று மஜீத்துக்குத் தோன்றியது. சைதூன் கல்லாவிலிருந்த சாவியை எடுத்தாள்.

"வேன்ல கை வச்சே..."

"வச்சா?"

அவளே வேனை ஓட்டிக் கடைக்குப் பின்னால் நிறுத்தினாள்.

மறுநாள் மதியம் மேசைகள் நிறைந்தன. தடுப்புகளைச் சரிபார்க்க வந்த விக்னேஸ்வரனும் உள்ளே வந்து உட்கார்ந்தான்.

"ஒரு தே, பாய்."

"தே முடிஞ்சிருச்சு." பின்னால் பானையில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"கோப்பி?"

"அதுவும்தான்."

சைதூன் ஒரு கோப்பைத் தேநீரைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். மஜீத் தோளிலிருந்த துண்டை உதறிவிட்டுச் சமையல்கட்டுக்குள் போனார். விக்னேஸ்வரன் குடித்துவிட்டுப் போகும்வரை அவர் வெளியே வரவில்லை.