தன் ஊரைப் பற்றி ஒரு நல்ல செய்தி

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாகக் கிடைத்தது. என் சமையலறைக்கும் பக்கத்து அறைக்கும் நடுவில் இருப்பதைச் சுவர் என்கிறார் வீட்டுக்காரர். தடித்த அட்டை என்பேன் நான். போர் பக்கத்து அறைக்காரருடைய நாட்டில், வானொலி அவருடைய மேசையில், காது மட்டும் என்னுடையது. ஒட்டுக்கேட்டேன் என்பது அபாண்டம். காது தானாகப் போய் ஒட்டிக்கொண்டது.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'மழை இருட்டில் கோட்டுக் காலரைத் தூக்கிவிட்டபடி அந்த உளவாளி...'

[வேண்டாம். அவரிடம் கோட்டே கிடையாது. அவர் உளவாளியும் இல்லை.]

2

அவர் அரசாங்க ஏஜெண்ட். போர்க்காலத்தில் அயல்நாட்டில் உட்கார்ந்து, தன் நாட்டுக்குச் சாதகமான செய்திகளை எழுதி இங்குள்ள பத்திரிகைகளுக்குக் கைமாற்றுவது வேலை. கதவில் 'மொழிபெயர்ப்பு நிலையம்' என்று பலகை. அவர் யாரென்று ஈ காக்கைக்குக்கூடத் தெரியக்கூடாது என்பது உத்தரவு. ஆகவே எங்கள் கட்டடத்தில் எல்லோரும் அவரை 'ரகசியம்' என்றே கூப்பிடுகிறோம். கூப்பிட்டால் திரும்பியும் பார்க்கிறார்.

மனைவி ஊரில். அந்த ஊரில் ஒரு பாலம். அந்தப் பாலத்துக்குத்தான் இரண்டு படைகளும் மல்லுக்கு நிற்கின்றன. தபால் நின்றுவிட்டது, அந்த ஊருக்குப் போகும் தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டது. சொந்தக் குடும்பத்தைப் பற்றி மேலிடத்தில் விசாரிக்கக் கூடாதென்று விதி வேறு. மனிதர் வானொலியே கதி என்று கிடந்தார். (அவர் முள்ளைத் திருகுவதைக் கேட்டுக்கொண்டே நின்றதில் என் பால் பலமுறை பொங்கி வழிந்தது. இது கதைக்குத் தேவையில்லை. ஆனால் பால் என்னுடையது.)

3

கீழ்த்தளத்தில் பல் டாக்டரம்மா. கட்டடத்தில் தொலைபேசி அங்கே மட்டும்தான். எனவே ஓர் அரசாங்கத்தின் ரகசியங்கள் கடைவாய்ப்பல் ராவும் சத்தத்துக்கு நடுவே வந்து சேரும். ஒருநாள் ரகசியமே வீங்கிய கன்னத்தோடு அங்கே உட்கார்ந்திருந்தார்.

"மேலிடத்துலேர்ந்து ஒண்ணும் வரல டாக்டரம்மா. பத்திரிகைக்காரன் நச்சரிக்கிறான். எங்க ஊரைப் பத்தி நல்லதா ஒண்ணு நானே எழுதிடலாம்னு பாக்கறேன். ஊர் நல்லா இருக்குன்னு எப்படிக் காட்டறது?"

"கொடியில துணி காயட்டும். அதுல ஒத்தை சாக்ஸ் ஒண்ணு. சாக்ஸைத் தொலைச்சுட்டுத் தேடறதெல்லாம் நிம்மதியா இருக்கற வீட்லதான் அண்ணே. வாயைத் திறங்க."

எழுதிவிட்டார்.

4

சின்னப் பத்திரிகையைப் பார்த்துப் பெரிய பத்திரிகை போட்டது. பெரிய பத்திரிகையைக் காட்டி அவர் நாட்டு வானொலியே வாசித்தது: "வெளிநாட்டு நிருபர்கள் நேரில் கண்டபடி, ஊர் அமைதியாக உள்ளது."

ரகசியம் குதித்தார். என் அலமாரியில் டம்ளர்கள் குதித்தன. அவர் படியில் தடதடவென்று இறங்க, என் மூக்கு சும்மா இருக்குமா, நானும் பின்னாலேயே ஓடினேன்.

"டாக்டரம்மா, ஊர் பத்திரமா இருக்காம். அவ நல்லா இருக்கா. நேர்ல பாத்தவங்களே சொல்றாங்க."

நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவரும் "ஆ" என்று வாழ்த்தினார்.

"ரொம்ப சந்தோஷம் அண்ணே. வேற என்ன பாத்தாங்களாம்?"

"கொடியில துணி காயுதாம். அதுல ஒத்தை..."

[தான் எழுதியதே ஒருவனுக்குத் தெரியாமல் போகுமா? இந்த இடத்தில் எனக்கே பாத்திரத்தின் மேல் சந்தேகம் வந்தது. ஆனால் பெற்ற பிள்ளை பட்டாள உடுப்பில் வந்து விறைப்பாக நின்றால், முதல் பார்வையில் யாரோ பெரிய மனிதர் என்றுதானே தோன்றும்?]

"உட்காருங்க அண்ணே," என்றார் டாக்டரம்மா. "அதுல வேணாம், அதுல ஆள் இருக்கு."

5

அப்போதுதான் தொலைபேசி. மேலதிகாரி. அவர் குரலுக்கு ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

"உங்க ஊர் சரியாயிடுச்சாமே? போய்ப் பாக்க நமக்கு ஆள் ஏது. அதான், காலி பண்ணிக் கூட்டிட்டுப் போன சனத்தையெல்லாம் முகாம்லேர்ந்து லாரியில திருப்பி அனுப்பறோம். அதையும் ஒரு செய்தி ஆக்கிடுங்க."

முகாமில் இருக்கிறாள். அரை மூச்சு சந்தோஷம். மிச்ச அரை மூச்சில் லாரி.

"சார், அனுப்பாதீங்க. ஊர் எப்படி இருக்குன்னு யாருக்கும் தெரியாது. அந்தச் செய்தி நான் எழுதினது."

"பத்திரிகையில வந்துதே?"

"என்னைப் பாத்து."

"ரேடியோவுல?"

"பத்திரிகையைப் பாத்து."

"அப்ப நாங்க?"

"ரேடியோவைக் கேட்டு, சார்."

மறுமுனையில் எங்கோ ஒரு தட்டச்சுப்பொறி விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"போனை வெச்சுட்டு லைனைக் காலியா விடுங்க. லாரி கிளம்பிடுச்சான்னு பாத்துட்டுக் கூப்பிடறேன். உங்க வேலை இனிமே இருக்குமாங்கறதை அப்புறம் பேசிக்கலாம்."

6

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

'லாரிகள் கிளம்பவே இல்லை. அவள் லாரியிலிருந்து கீழே குதித்து, தூசியைத் தட்டி, "எந்தப் புளுகன் எழுதினான் இதை?" என்று...'

[அழகாக வந்தது. அதுதான் பயம். பத்திரமான அறையில் உட்கார்ந்து, போய்ப் பார்க்காத இடத்தில் எல்லோரும் சுகம் என்று எழுதுவது இந்தக் கதையில் ஒருவர் செய்தால் போதாதா?]

'லாரிகள் பாலத்தை நெருங்கியபோது...'

[பேனா நகரமாட்டேன் என்கிறது. நானும் வற்புறுத்தவில்லை.]

7

தொலைபேசி மணி அடிக்கிறது. ரகசியம் எழுந்து, கையை நீட்டி, திரும்ப உட்கார்ந்துகொள்கிறார். டாக்டரம்மாவின் இரண்டு கைகளும் ஒருவர் வாய்க்குள். நான் எடுக்கலாம்தான், ஆனால் கேட்டதைக் கேட்டபடி சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை, தெருவே சாட்சி. இத்தனை நேரமாகக் கதவோரம் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

உள்ளே வாருங்கள். எடுங்கள்.